டிரம்மில் உருண்ட மாப்பிள்ளைக் கல்

அந்த டிரம்மைத் திறந்தபோது வீட்டில் இருந்தவர்கள்: அத்தா, அம்மா, தங்கை நஸ்ரின், நான், முன்கூட்டிச் சொல்லாமல் வந்து நின்ற மாப்பிள்ளையின் பெரியத்தா (அவருடைய அப்பாவின் அண்ணன்). இல்லாதவர் மாப்பிள்ளை. அவருடைய கல் இருந்தது. (எப்படி இருந்தது என்பதற்குத்தான் வருகிறேன்.)

மூன்று வருடம் ஆகிவிட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் என்பது மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

நஸ்ரினுக்கு நிக்காஹ் பேசி முடித்த வாரமே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கல் வந்தது. மாப்பிள்ளையின் தாத்தா ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவில் வாங்கிய அகீக். கருஞ்சிவப்பு நிறம், புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, மேலெல்லாம் சொரசொரப்பு. தாத்தா மௌத்தான பிறகு பீரோவிலேயே கிடந்ததாம். அதை மெருகேற்றி வெள்ளி மோதிரத்தில் பதித்து நிக்காஹ் அன்று மாப்பிள்ளை விரலில் போட வேண்டியது எங்கள் பொறுப்பு. காசு கொடுத்தால் வேறு அகீக் கிடைக்கும். அந்தத் தாத்தா தொட்ட அகீக் கிடைக்காது.

அத்தா மதுரையில் ஒரு கல் பட்டறையை விசாரித்து வைத்திருந்தார். நான் விடவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டியதோடு நிற்காமல் ஜியாலஜி பட்டமும் வாங்கியிருந்தேன். வேலைதான் வாங்கவில்லை.

“கல்லப் பத்தி மூணு வருசம் படிச்சவன் வீட்டுக்குள்ள இருக்கேன். எவன்ட்டயோ கொண்டுபோய் குடுப்பீங்களா?”

“இல்லப்பு, அவன் தொழில்காரன்...”

“நான் படிச்சவன்!”

(இதை இப்போது எழுதும்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.)

பழைய கிரைண்டர் மோட்டார் ஒன்று, இரண்டு உருளை, இரு பக்கமும் மூடி போட்ட தடித்த பிளாஸ்டிக் குழாய், உள்ளே சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியது. இதுதான் என் டிரம். அகரம் பக்கம் ஆற்று மணலில் பொறுக்கிய வெள்ளைக் கற்களோடு அகீக்கையும் போட்டு, தண்ணீர் ஊற்றி, கார்பரண்டம் பொடியைக் கொட்டினேன். கறுப்பு மணல் போல இருக்கும் அந்தப் பொடிதான் கல்லைத் தேய்ப்பது. முதல் வாரம் கரகரப்பான பொடி, அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் நைசான பொடி, கடைசி வாரம் பாலிஷ். நாலு வாரம் நிற்காமல் உருள வேண்டும்.

அத்தா தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர். தோலைப் பதப்படுத்தும் அந்த மர டிரம் ஒவ்வொன்றும் எங்கள் படுக்கையறை அளவு இருக்கும். என் டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“எங்க டிரம்மு குட்டி போட்ட மாதிரி இருக்கே!”

உள்ளே என்ன போட்டிருக்கிறேன், எதற்கு என்று கேட்டார். “அது கெமிஸ்ட்ரி அத்தா, சொன்னாப் புரியாது” என்றேன். (ஜியாலஜி என்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை, பாருங்கள்.)

டிரம் குளியலறை வாசலில் கடகடவென்று உருண்டது. “ஏலே, இதச் செத்த நேரம் நிப்பாட்டேன், தலை வெடிக்குது” என்று அம்மா தினமும் ஐந்து வேளை முறையிட்டார். நான் அசையவில்லை.

முதல் வாரம் முடிந்து திறந்தேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. பொடியைக் காணோம். கற்கள் போட்டது போட்டபடியே இருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே பொடி வாங்கிய கடைக்குப் போனேன்.

“என்னண்ணே, அடுப்புக் கரியப் பொடிச்சு விக்கிறீங்களா? ஒரு வாரத்துல கரைஞ்சு போச்சு!”

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கார்பரண்டம் கரைஞ்சுச்சா? ஏலே தம்பி, இரும்பு கரைஞ்சாலும் இது கரையாது. நீ என்ன படிச்சிருக்க?”

“ஜியாலஜி.”

“அதான்” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அவமானத்தோடு இரண்டு மடங்கு பொடி வாங்கி வந்து கொட்டினேன். இரண்டாம் வாரமும் அதே கதை. மூன்றாம் வாரம் பாதியில் பெரியத்தா வந்து சேர்ந்தார்.

“சும்மா இந்தப் பக்கம் வந்தேன். கல்லு எம்புட்டு தூரத்துல இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு.”

அம்மா டீ போட ஓடினார். நான் தெனாவட்டாக மூடியைத் திறந்து, கற்களைச் சல்லடையில் கொட்டினேன். வெள்ளைக் கற்கள் விழுந்தன. பிறகு ஒரு சிவப்புத் துண்டு. இன்னொன்று. இன்னும் ஒன்று. மூன்றின் ஓரத்திலும் நகத்தால் கிள்ளியது போல வெள்ளை வடுக்கள்.

அத்தாதான் மெதுவாக ஆரம்பித்தார்.

“நான் தண்ணியெல்லாம் ஒழுங்காத்தானப்பு மாத்துனேன்?”

“எந்தத் தண்ணிய?”

“காலைல பஜ்ரு தொழுதுட்டு ஷாப்புக்குக் கெளம்பும்போது பாத்தேன். உள்ள கறுப்பா சேறாக் கெடந்துச்சு. கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தி வச்சேன். ஷாப்புல ஒரு மருந்து முடிஞ்சா அப்பிடித்தான அலசுவோம்?”

“தெனமுமா?”

“பின்ன? ஒருநாள் விட்டா நாறிப் போகும்ல!”

நான் கத்தினேன். பெரியத்தா முன்னால், சம்பந்தி வீட்டு ஆள் என்றுகூடப் பார்க்காமல், பெற்ற தகப்பனிடம் கத்தினேன். எல்லாம் உங்களால்தான் என்றேன். கல்லைப் பற்றி என்ன தெரியும் என்றேன். அத்தா தலையைக் குனிந்து சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

நஸ்ரின் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். “நிப்பாட்டுண்ணே! அத்தாவும் மகனும் சேந்து என் நிக்காஹ்வ டிரம்முல போட்டு உருட்டிட்டீங்க. இதுல ஒங்களுக்குள்ள சண்ட வேறயா?”

பெரியத்தா மூன்று துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். தேதியைத் தள்ளுவாரா, பேச்சையே முறிப்பாரா என்று அம்மா டீ டம்ளரோடு கதவருகே உறைந்து நின்றார்.

“ஒரு கல்லு குடுத்தோம், மூணு கல்லாத் திருப்பித் தாரீங்க” என்றார் பெரியத்தா. “பரக்கத்துதான், பெருகிருச்சு. அப்ப மோதிரமும் மூணா வரணும்ல? மாப்பிள்ளைக்கு ஒண்ணு, எந்தம்பிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எங்க அத்தா கல்லு, எங்களுக்கும் பங்கு உண்டுல்ல?”

சிரிக்கவில்லை. டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

மதுரைப் பட்டறையில் மூன்று துண்டுகளும் மெருகேறின. நிக்காஹ் அன்று மூன்று விரல்களில் மூன்று மோதிரம். இப்போதும் எங்கள் வீட்டில் ஒரு தட்டு கை தவறி உடைந்தால் யாராவது ஒருவர் “பரக்கத்து!” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் சிரிப்பதில்லை.

காரணம் இருக்கிறது. வீட்டில் இதுவரை சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். அத்தா தண்ணீரை மாற்றியதால் கல் மெருகேறாமல் போனது, உண்மை. உடைந்தது அதனால் இல்லை. டிரம்மில் முக்கால்வாசி கல் நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகும். குறைவாக இருந்தால் மேலே ஏறி, தொப்பென்று விழுந்து மோதும். நான் போட்டது கால்வாசிகூட இல்லை. மோட்டார் இழுக்கவில்லை என்று நானேதான் குறைத்தேன். தெரியாமல் அல்ல, படித்து, நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன்.

அன்று கத்தியபோதே எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

அத்தா தினமும் கொட்டிய சேறு குளியலறைக் குழாய்க்குள் சிமெண்ட் போல இறுகி, தரையை உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கொத்தனார் கூலி, புதுக் குழாய், மூன்று மோதிரத்துக்கு வெள்ளி, பட்டறைக் கூலி எல்லாவற்றையும், தன் தப்பு என்று நம்பி, ஷாப்பில் அட்வான்ஸ் வாங்கி அத்தாவே கட்டினார்: பதினாறாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.