ஆறு மடிப்புத் தட்டிக்குப் பின்னால் உன் அத்திம்பேர்

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி தம்பி ஜெயராமனுக்கு,

அக்கா காமாக்ஷி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கற்பகாம்பாள் கிருபையில் எல்லோரும் சௌக்கியம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். நிஜத்தில் இங்கே ஒருவரும் சௌக்கியமில்லை. போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டுகிறாய். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

புனேவுக்கு மாற்றலாகிப் போகும்போது நீ அபிராமபுரத்து வீட்டைக் காலி பண்ணிவிட்டு, "நூறு வருஷத்து ஜப்பான் ஸ்க்ரீன், தங்க ரேக்கு ஒட்டினது, லாரியில ஏத்தினா நொறுங்கிடும், கொஞ்ச நாள் வெச்சுக்கோக்கா" என்று என் தலையில் கட்டினாயே, நான் அதைத் தட்டி என்று சொன்னதற்குக் கோபம் வேறு வந்ததே உனக்கு, அந்தத் தட்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதில் தீட்டியிருக்கிற கொக்கும் பைன் மரமும் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. நேராக்கினால் விழும், மடக்கி மடக்கி நிறுத்தினால்தான் நிற்கும் என்று நீ சொன்னபடியே ஹால் மூலையில் நிறுத்தினேன். ஈரம் பூத்த சுவர் மறையும், என் பெண் சாருலதாவைப் பார்க்க வருகிறவர்களுக்கும் பார்வையாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். உன் அத்திம்பேர், "பின்பக்கம் எப்படி இருக்குன்னு பார்க்கறேன்" என்று உள்ளே போனார். போனவர் போனவர்தான்.

சாய்வு நாற்காலி உள்ளே போயிற்று, டேபிள் ஃபேன் போயிற்று, கிரிக்கெட் கேட்கிற இயர்போன் போயிற்று. சாப்பிட வாங்கோ என்றால் "இங்கேயே குடு" என்கிறார். காப்பி என்றால் மடிப்பு ஓரமாக ஒரு கை மட்டும் நீளும், டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். வெள்ளிக்கிழமை கற்பூரத் தட்டைக் காட்டினால் அந்தக் கைதான் வந்து ஒற்றிக்கொண்டு போகிறது. தங்க ரேக்கில் பொறி பட்டால் உனக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று அம்பாளைப் பார்ப்பதா, தட்டியைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. நகம் வளர்ந்திருப்பதை வைத்துத்தான் மனுஷர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்கிறேன். வேலைக்கு வருகிற ரோஸி தினமும் கேட்கிறாள்: "இன்னாமா, ஐயா வெளிய வர்றதுக்கு விசா எதுனா வோணுமா?"

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. அடையாறிலிருந்து சுஹாஸ் என்கிற பையனும் அவன் அப்பா அம்மாவும் பெண் பார்க்க வந்தார்கள். நாலு மணி என்று சொல்லிவிட்டு மூன்றரைக்கே வந்து செருப்பைக் கழற்றுகிறார்கள். இவரோ உள்ளே துண்டோடு வெற்றுடம்பாக. சட்டை மாட்ட அறைக்குப் போக வேண்டுமானால் அவர்கள் முன்னால்தான் போக வேண்டும். "மாமா எங்கே?" என்றாள் பையனின் அம்மா. "கபாலி கோவிலுக்குப் போயிருக்கார், இப்ப வந்துடுவார்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "நடை நாலு மணிக்கு மேலன்னா திறப்பா?" என்றாள். கோவில் நேரம் எனக்கு இன்னொருத்தி சொல்லிக்கொடுக்க வேண்டியதாப் போச்சு பாரு!

அதற்குள் பையனின் அப்பா எழுந்துவிட்டார். "மாமி, இது ஜப்பானா? பின்பக்கமும் வேலைப்பாடு உண்டோ?"

"ஒண்ணுமே இல்லை மாமா, வெறும் காகிதம், தூசி..."

சொல்லி முடிப்பதற்குள் தட்டிக்குப் பின்னால் போய்விட்டார். அலறுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. திரும்பியும் வரவில்லை. "ஏன்னா! அங்க என்ன பண்றேள்?" என்று அவர் மாமி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். சாரு காப்பி கொண்டு வந்தாள். வழக்கம்போல மடிப்பு ஓரமாக ஒரு கை நீண்டது. அதன் பின்னாலேயே இன்னொரு கை, கைக்கடிகாரத்தோடு. உன் மருமாளுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி. இரண்டு கையிலும் டம்ளரைக் கொடுத்து, "சர்க்கரை போறுமா மாமா?" என்றாள். பையன் சிரித்துவிட்டான். அவன் அம்மா சிரிக்கவில்லை. "உங்காத்துக்காரர் கோவில்லேர்ந்து எப்போ வந்தார்?" என்று என்னைக் கேட்டாள். கேசரி எடுத்துக்கோங்கோ என்றேன்.

"பேசிட்டுச் சொல்றோம்" என்று போனார்கள். அப்படிச் சொன்னவர்கள் யார் திரும்பிச் சொல்லியிருக்கிறார்கள்? இன்றைக்கு நாலாவது நாள். சாரு போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். முதல் முறையாகப் பிடித்த பையன்டா அவளுக்கு. பெத்தவளுக்குத் தெரியாதா? என் பெண்ணோட வாழ்க்கை ஒரு கொக்குப் படத்துக்குப் பின்னால போயிடுத்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே வந்து இதை எடுத்துக்கொண்டு போ. இல்லாவிட்டால் பழைய பேப்பர்காரனைக் கூப்பிடுவேன். இது சத்தியம்.

மேகலாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். அங்கே குளிராம், தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளிக்காதே.

இப்படிக்கு,
மனம் நொந்து போன அக்கா
காமாக்ஷி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது சம்பந்தி மாமி போன் பண்ணினாள். ஆமாம், சம்பந்தி மாமிதான். "முகூர்த்தத்துக்கு நாள் பாருங்கோ மாமி, சீக்கிரமாவே பாருங்கோ. எங்காத்துக்காரர் அன்னிலேர்ந்து பீரோவுக்குப் பின்னால நாற்காலி போட்டுண்டு உட்கார்ந்துட்டார், கூப்பிட்டா கைதான் வரது. சனிக்கிழமை சனிக்கிழமை உங்காத்துல கொண்டு விட்டுடறேன், தட்டியை மட்டும் எங்கேயும் அனுப்பிடாதேங்கோ" என்றாள். ஆகையால் நீ வர வேண்டாம். மாமியும் நானும் ரொம்ப நேரம் பேசிண்டோம். நாங்க ரெண்டு பேரும் பின்னால உட்கார்ந்துக்க இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா? கொக்கு இல்லாட்டாலும் பரவாயில்லை. அந்த மூலையிலேர்ந்து காப்பி கேட்டா எங்க ரெண்டு பேர் காதிலயும் விழாத மாதிரி கனமா இருக்கணும்.