பஞ்சு சிவந்த நாள்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் வேலை பார்ப்பது குடிநீர் ஆய்வகத்தில். தண்ணீரில் காரம் எவ்வளவு என்று தினமும் சோதித்துச் சொல்வதற்குத்தான் சம்பளம். (இது தெரிந்தால்தான் என் அவமானத்தின் அளவு புரியும்.)

திருக்கோகர்ணத்தில் எங்களுக்கு அடுத்த வீடு பெரியப்பாவுடையது. அவருடைய நாய் பஞ்சு, பெயருக்கேற்ற வெள்ளை. அதை விட்டுவிட்டு எங்கேயும் தங்கமாட்டார். பெங்களூரில் மகளுக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதமாகியும் போய்ப் பார்க்கவில்லை. முதலில் நாயைப் பிரிந்திருந்து பழகட்டும் என்று, திருச்சியில் ஒரு கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் அவரை இழுத்துப் போனார் பெரியம்மா.

"பஞ்சுவை நீ நல்லபடியா பாத்துக்கிட்டாத்தான் அடுத்து பேரனைப் பாக்கக் கெளம்புவாரு. கெடுத்துறாத ஆத்தா."

சோறு வைத்திருந்தால் போதும். நான் பட்டியல் போட்டேன். ரோமம் சீவுதல், காது துடைத்தல், நகம் பார்த்தல் எல்லாம் அரை மணியில் முடிந்து டிக் அடித்தாயிற்று. நான்காவது, உண்ணி. 'மருத்துவரிடம் கேட்கவும்' என்று நானே எழுதியிருந்ததை நானே அடித்துவிட்டு, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து உடம்பு முழுக்கப் பூசினேன்.

நாய் ஷாம்பு தீரும்வரை தேய்த்தும் மஞ்சள் போகவில்லை. பெரியப்பா வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. துணி சோப்பை எடுத்தேன்.

சோப்பு பட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. பதறி இன்னும் தேய்த்தேன்; இன்னும் சிவந்தது. அலசலாம் என்று குழாயைத் திறந்தால் தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் போட ஓடினேன். பஞ்சு தெருவுக்கு ஓடியது.

எதிர்வீட்டு அக்கா அலறினார். "ஏங்க, பஞ்சுவை வண்டி அடிச்சிருச்சுங்க! அங்கிட்டு ஓடுது, பிடிங்க!"

"ரத்தம் இல்லக்கா, சோப்பு!" என்று கத்திக்கொண்டே துரத்தினேன். (என் கையும் சிவப்பு. யார் நம்புவார்கள்?)

ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெரியப்பாவின் காலடியில் போய் நின்றது பஞ்சு. அவர் பட்டு வேட்டியோடு புழுதியில் உட்கார்ந்து அதை மடியில் வாரிக்கொண்டார். அதே ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் போனோம்.

மருத்துவர் தடவிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். "அடி ஒண்ணும் இல்லீங்க. மஞ்சள்ல சோப்புக் காரம் பட்டாச் செவக்கும், அவ்வளவுதான். நாய்த் தோலுக்கு அந்தச் சோப்பு ஆகாது. உண்ணிக்கு எடை பாத்து மருந்து தாரேன். யாரு குளிப்பாட்டுனது?"

"எந்தம்பி மகதாங்க," என்றார் பெரியப்பா. "லேப்ல வேலை பாக்குது."

அதற்கு அவர் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

திரும்பும் வழியில் பெரியம்மா மெல்ல இழுத்தார். "அப்ப பெங்களூரு?"

"போவோம். பஞ்சுவும் வருது."

வாடகைக் காரில் மூவரும் போய் வந்தார்கள். பிறகு பேரன் முதன்முறையாக ஊருக்கு வந்த அன்று, ஆரத்தித் தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் வைத்துப் பெரியம்மா என்னிடம் நீட்டினார். "நீயே கரைச்சுரு ஆத்தா. ஒனக்கு வர்ற செவப்பு எங்க யாருக்கும் வராது."

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் ஆரத்தி கரைப்பது நான்தான். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா மட்டும் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.