அரியர் மாமாவுக்கு ஒரு போன்

கடலூர் ஜில்லாவில் அதிகம் படித்தவர் யார், அதிகம் ஃபெயிலானவர் யார் என்று இரண்டு கேள்வி கேட்டால், இரண்டுக்கும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுவேன். அரியர் மாமா. இரண்டு எம்.ஏ., ஒரு எம்.காம். முடித்தவர். அதே மனிதர் எங்கள் கல்லூரியின் ஆன்லைன் பட்டப்படிப்பில் பதினேழு பேப்பர் அரியர் வைத்திருந்தார். அந்தப் படிப்பு தரமாக இருக்கிறதா என்று பார்க்கக் கல்லூரியே சம்பளம் கொடுத்து வைத்திருந்த அதிகாரி வேறு யாருமில்லை, அவர்தான்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். ஆபீஸ் மஞ்சக்குப்பத்தில், மைதானத்தைப் பார்த்த ஒரு மாடியில் இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். கம்மாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அங்கே கான்ட்ராக்ட் வேலையில் சேர்ந்தேன். வேலை, போன் போடுவது. பதினைந்து நாள் லாகின் பண்ணாத மாணவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமைதோறும் வரும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு என்ன பிரச்சினை என்று கேட்டு, ரிஜிஸ்டரில் டிக் போட வேண்டும். எனக்கு முன்பு இருந்தவர் வேலையோடு குறுக்கு வழியையும் சேர்த்தே ஒப்படைத்துவிட்டுப் போனார்: ‘அழைத்தோம், எடுக்கவில்லை’ என்று எழுதி மேலிருந்து கீழ்வரை டிக் போட்டால், நேரே டீக்கடைக்குப் போய்விடலாம். முதல் வெள்ளிக்கிழமை நானும் அப்படியே செய்தேன்.

டீக்கடைக்குக் கிளம்புவதற்குள் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, கையில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். போனை என் ரிஜிஸ்டர் மேல் வைத்தார்.

“மிஸ்டு கால் எங்க மாப்ள? காணுமே.”

பட்டியலில் நாலாவது பெயரைத் தொட்டுக் காட்டினார். ஆபீஸே அவரை அரியர் மாமா என்றுதான் கூப்பிட்டது. நாலாவது பெயர் அவருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? வேலை போச்சு, அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் யாரிடமும் போகவில்லை. தன் நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, “ம், போடு” என்றார்.

போட்டேன். இரண்டு கை தூரத்தில் நாதஸ்வர ரிங்டோன் அலறியது. எடுத்தவர் அரியர் மாமா இல்லை. சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்து, பாடம் கேட்கும்போதே தூங்கிவிடுகிற ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. கொட்டாவிகூட நிஜமாக இருந்தது. அடுத்த தடவை, மாமியார் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்ட புதுப்பெண். அந்தப் பெண்ணுக்காக நான் மாமியாரிடம் அரை மணி நேரம் மன்றாடியிருக்கிறேன். மாமியாரும் அவரேதான். மருமகளிடம் தினம் ஒரு மணி நேரம் போனைக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் என்னைச் சாப்பிட விட்டார்.

ஃபெயிலாவதில் அவர் கைதேர்ந்த கலைஞர். ஆன்லைன் தேர்வில் நாற்பது எடுத்தால் பாஸ். அவர் ஒவ்வொரு பேப்பரிலும் முப்பத்தொன்பது எடுத்தார். முப்பத்தொன்பது எடுக்க வேண்டுமென்றால் எல்லா விடையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே மார்க்கில் போன ஒருத்தனைக் கூப்பிட்டு, ‘அடுத்த தடவை எழுதுப்பா’ என்று சொல்ல இந்தக் கல்லூரியில் ஆள் இருக்கிறதா என்பதுதான் அவருடைய சோதனை. பாஸானவன் நம்மைத் தேட மாட்டான், ஃபெயிலானவனை நாம்தான் தேட வேண்டும் என்பார்.

ஒருமுறை வணிகச் சட்டத்தில் தப்பித் தவறி நாற்பது வந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனது. டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. மார்க்கைக் குறைக்கச் சொல்லி மறுமதிப்பீட்டுக்கு எழுதிப்போட்ட முதல் மாணவர் அவராகத்தான் இருப்பார். தேர்வுப் பிரிவில் சிரித்தார்கள். பிறகு விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால், ஒரு கேள்விக்குக் கல்லூரி வைத்திருந்த விடையே தப்பு. மொத்த பேட்ச்சுக்கும் மார்க் மாறியது. சிரித்தவர்கள் அவர் வருகிற திசையைப் பார்த்து எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

சிதம்பரம் கீழ வீதியில் வீடு. காலையில் கடலூர் பஸ் ஏறியதும் விரிசல் போனில் வகுப்பைப் போட்டுவிடுவார். ஆபீஸில் புதுப் போன் தருகிறோம் என்றார்கள். நம்ம பிள்ளைகள் கையில் என்ன போன் இருக்கிறதோ அது போதும் என்று மறுத்துவிட்டார். அவருடைய தர அறிக்கை பஸ் நிறுத்தங்களில்தான் எழுதப்படும். ‘புதுச்சத்திரத்தில் வாயைத் திறந்த பொருளாதாரப் பேராசிரியர் ஆலப்பாக்கம் வரை மூடவில்லை, படம் நின்றுவிட்டது. காரைக்காட்டில் மறுபடி பேசினார், ஆனால் அதற்குள் பணவீக்கம் முடிந்துவிட்டது.’ இதைப் படித்த பிறகுதான், லேசான சிக்னலிலும் ஓடுகிற மாதிரி எல்லா வகுப்பையும் மாற்றிப் போட்டார்கள்.

பிச்சாவரம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஒரு பெண், தேர்வு பாதியில் நின்றுபோனதாகப் புகார் அனுப்பினாள். மாமா அங்கேயே போய் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு தேர்வு எழுதினார். பின்னாலிருந்து இரண்டு ஆடுகள் எட்டிப் பார்க்க, ‘அனுமதியற்ற நபர்கள்’ என்று சொல்லி, கேமராவில் கண்காணிக்கும் சாஃப்ட்வேர் அவரை வெளியே தள்ளிவிட்டது. மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரு வரி எனக்கு மனப்பாடம்: ‘மேற்படி ஆடுகளுக்கு நிதிக் கணக்கியல் தெரியாது என்பதை நேரில் விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.’ அந்தப் பெண்ணுக்கு மறுதேர்வு கிடைத்தது.

இப்படியிருக்க, அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் வேளை வந்தது. தர மதிப்பீட்டுக் குழு திரையில் வந்து எங்களைச் சோதிக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் அட்மிஷன் கிடையாது. அட்மிஷன் இல்லாவிட்டால் என்னைப் போன்ற கான்ட்ராக்ட் ஆள்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். இயக்குநர் மாமாவைக் கூப்பிட்டு, பதினேழு அரியரும் தேர்ச்சி விகிதத்தைக் கீழே இழுக்கின்றன, பேரை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார்.

“எம்பேர எடுத்துட்டா அவுங்க பாக்கறது நம்ம காலேஜ் இல்லீங்க சார், வேற காலேஜு” என்று சொல்லிவிட்டு மாமா வெளியே வந்துவிட்டார்.

குழுவில் மூன்று பேர். தலைவி ஓய்வு பெற்ற பேராசிரியை. இயக்குநர் காட்டிய வண்ணப் படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, இருப்பதிலேயே அதிக அரியர் வைத்திருக்கிற மாணவருக்கு இப்போதே, எல்லோரும் கேட்க, போன் போடுங்கள் என்றார். இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கடைசி வரிசையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டேன். கடைசி வரிசையில் நாதஸ்வரம் முழங்கியது.

“சொல்லு மாப்ள” என்ற குரல் ஸ்பீக்கரிலும் நேரிலுமாக இரண்டு தடவை கேட்டது.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “அந்த ஸ்டூடன்ட் நீங்கதானா?”

“ஆமாங்கம்மா.”

“தர அதிகாரின்னு போட்டிருக்கே?”

“அதுவும் நான்தாங்கம்மா.”

“எதுக்கு இப்படி ஃபெயிலானீங்க?”

“ஃபெயிலானா யாராச்சும் என்ன ஏதுன்னு கேக்கறாங்களான்னு பாக்கத்தான்.”

“கேட்டாங்களா?”

கேட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இயக்குநரின் கண் அதைத்தான் யாசித்தது. என் முதல் வெள்ளிக்கிழமை டிக்குகளும் அந்த ரிஜிஸ்டரில்தான் இருந்தன.

“மொத ரெண்டு வருஷம் ஒருத்தரும் கேக்கலம்மா. ரிஜிஸ்டர்ல டிக் இருக்கும், நம்பாதீங்க” என்றார் மாமா. இயக்குநர் உட்கார்ந்துவிட்டார். “இப்ப இந்தத் தம்பி கேக்குது. தொல்லை ஜாஸ்தி. என் மாமியார் வரைக்கும் பேசிடுச்சு.”

திரையில் இருந்த மூன்று பேரில் யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. பிறகு ரிஜிஸ்டர்களை அனுப்பச் சொன்னார்கள். பஸ் அறிக்கை, ஆட்டுக் கடிதம், எல்லாவற்றையும் கேட்டார்கள். கூப்பிட்டதாக எழுதியிருந்த மாணவர்களில் சிலரை அவர்களே கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்து அங்கீகாரம் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: ஊழியர்கள் மாணவர்களாகச் சேரக் கூடாது. பதினேழு அரியரும் ஒரே நாளில் போய்விட்டன. என் வேலை தப்பியது. மாமாவின் முகத்தைத்தான் அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

அவர் ஓய்வு பெற்ற அடுத்த பருவத்தில், வெள்ளிக்கிழமைப் பட்டியலில் நாலாவதாக ஒரு தெரிந்த பெயர் வந்தது. பி.ஏ. வரலாறு. முதல் நாள் லாகின் பண்ணியதோடு சரி. போன் போட்டேன்.

“இப்ப நான் ஸ்டாஃப் இல்லியே மாப்ள. ரூல்ஸ பாரு” என்றார். அன்று அவர் சுரங்கத் தொழிலாளி இல்லை, புதுப்பெண் இல்லை. சாப்பிட்டாயா, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று அவராகவே கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சரியாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவர் பெயர் வந்துவிடுகிறது. எனக்குத்தான் அதுவரை பொறுக்க முடிவதில்லை; எட்டாம் நாளே போன் போட்டுவிடுகிறேன். எட்டாம் நாளுக்கு ரிஜிஸ்டரில் கட்டம் கிடையாது. அந்தப் போனுக்கு மட்டும் நான் டிக் போடுவதில்லை.