கோலா சிலாங்கூரில் ஒரு குளிர்காலக் கடை

கோலா சிலாங்கூரில் குளிர்காலம் உண்டு என்று சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பீர்கள். தாராளமாகப் பாருங்கள். நான் அந்தக் குளிர்காலத்தில் வேலையே செய்திருக்கிறேன். வாரத்தில் ஒருநாள், சாயங்காலம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை கூடும்போது, கரும்புச்சாறு கடைக்கும் கைப்பேசி உறை விற்கிற கடைக்கும் நடுவில், ஒரு கூடாரத்து அகலத்துக்கு அது இருந்தது. நடத்தியவர் ஸ்வெட்டர் அண்ணன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே "என்னா குளிரு, என்னா குளிரு" என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. தார் இளகுகிற வெயிலில், கழுத்து வரை மூடிய காப்பி நிற ஸ்வெட்டரும் காதை மறைக்கிற கம்பளிக் குல்லாவுமாக ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனால், அவரை நிறுத்திப் பெயரையா கேட்பார்கள்? "ஒடம்பு சரியில்லயா?" என்றுதான் கேட்பார்கள்.

இந்தப் பத்தியை எழுதுகிற நான் அப்போது வடை சுட்டுக்கொண்டிருந்தேன். அதையே தொடர்ந்திருக்கலாம் என்று சொல்கிற வாசகர்களும் உண்டு. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வீட்டில் பருப்பு வடை போட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு சந்தை ஓரமாக அலைந்தேன். உள்ளே கடை போட எனக்கு இடம் கிடையாது. ஒருநாள் ஸ்வெட்டர் அண்ணன் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அந்த வடைய ஒன்னு குடும்மா."

கொடுத்தேன். கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

"வடை நல்லாருக்கு. ஆனா பாவம், அதுக்கு ரொம்பக் குளிருது."

எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு வீட்டிலிருந்து கொண்டுவந்த வடை. என் விரல் நுனி இன்னும் காந்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, இப்பத்தான் சுட்டேன்."

"நீ சுட்ட. நான் இல்லன்னு சொல்லல. நம்ம கடைக்கு வந்துரு. அங்க அதுக்குக் கதகதன்னு இருக்கும்."

அவர் சொன்னது எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. ஆனால் அவரிடம் இடம் இருந்தது, என்னிடம் இல்லை. பலகாரம் என்னுடையது, குடிக்கிற சமாச்சாரம் அவருடையது என்று பேசி முடித்தோம். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அந்த ஸ்வெட்டர்காரர்கிட்டயா? ஊருல வேற ஆளே இல்லயா லா?"

கடையைப் பற்றிச் சொல்லவேண்டும். கூடாரத்தின் மூன்று பக்கமும் கனமான திரை. மேலே விளிம்பில் பஞ்சை ஒட்டி வைத்திருந்தார், பனியாம். தீபாவளிக்குப் போடுகிற வண்ண விளக்குச் சரம் சுற்றிலும் மினுக்கும். நடுவில் கரி அடுப்பு, அதைச் சுற்றிக் குட்டையான பெஞ்சுகள். அடுப்பின் மேல் இஞ்சி டீ, சுக்குக் காப்பி, மிளகு போட்ட பால் மூன்றும் ஆவி பறக்க நிற்கும். உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தது. குளிர் நாட்டுக்காரன் யாராவது உள்ளே வந்திருந்தால் மனசு உருகியிருப்பான். எங்கள் ஊர்க்காரர்கள் உள்ளே வந்தால் உடம்பே உருகியது.

அதைவிடப் பெரிய குழப்பம் வாசலில் தொங்கியது. 'குளிர்காலக் கடை' என்று தமிழில் ஒரு வரி, 'கெராய் மூசிம் செஜுக்' என்று மலாயில் ஒரு வரி. எழுத்தெல்லாம் நீல நிறம். படிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? வெயிலில் நாக்கு வறண்டு வருகிறவன் கண்ணில் 'குளிர்' என்ற ஒரு சொல்தான் படும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வேகமாக வந்தார்.

"அண்ணே, ஐஸ் கச்சாங் மூணு."

"ஐஸ் இல்லய்யா."

"சரி, சிராப் ஐஸ் குடுங்க."

"ஐஸே இல்லய்யா."

"போர்டுல குளிருன்னு போட்ருக்கே?"

"அதனாலதான்யா சூடா விக்கிறேன்."

அவர் பேனரைப் பார்த்தார். ஸ்வெட்டரைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் குனிந்து வடைச்சட்டியைப் பார்த்தேன்.

ஒவ்வொரு வாரமும் இதே கதைதான். செகிஞ்சானிலிருந்து வந்த ஒரு சீனப் பெரியவர் பஞ்சைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுப் போனார். மலாய்ப் பையன்கள் தலையை மட்டும் உள்ளே நீட்டி "அடா ஐஸ்?" என்பார்கள். இல்லையென்று அண்ணன் கையை ஆட்டியதும் நேராகப் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். அங்கே கரும்புச்சாறு பிழிகிற மலாய் அம்மா கக் யா இரண்டு கையாலும் ஐஸை அள்ளிப் போடுவார். அந்த அம்மாவுக்கு எங்கள் பேனரின் மேல் அவ்வளவு பாசம். காற்றில் கயிறு அவிழ்ந்தால் அவரே ஓடி வந்து கட்டிவிடுவார்.

நான் சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, 'சூடான பானங்கள்'னு மாத்தி எழுதிருங்க லா."

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சூடுன்னு எழுதினா இந்த வெயில்ல எவம்மா வருவான்?"

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். அவர் சொன்னது சரி என்றே தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

தப்பித் தவறி யாராவது இஞ்சி டீ கேட்டால், அதையும் உட்கார்ந்துதான் குடிக்கவேண்டும். பையில் கட்டி ஸ்ட்ரா போட்டுத் தரமாட்டார். "ரெண்டு புங்குஸ்ணே" என்று ஒரு பெண் கேட்டபோது, "ஐஸக் கட்டிக் குடுக்கலாம்மா, கதகதப்பக் கட்டிக் குடுக்க முடியாது. ஒக்காரு" என்றார். அந்தப் பெண் பயந்துபோய் உட்கார்ந்தாள். குடித்து முடித்து எழுந்தபோது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருந்தாள்.

இந்த மனிதருக்கு ஏன் இந்தக் குளிர்? நானும் விசாரித்தேன். என்னிடம், குளிர்பெட்டி வைத்த லோரியில் கோழி ஏற்றி ஓட்டியதில் உடம்பு இப்படி ஆகிவிட்டது என்றார். கக் யாவிடம், கப்பலில் சமையல்காரனாக வடக்கே எங்கேயோ பனிக்கடலுக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறார். கைப்பேசி உறை விற்ற தம்பியிடம் டாக்டர் மேல் பழியைப் போட்டுவிட்டார். மூன்று பேரும் ஒருநாள் ஒன்றாக நின்று பேசியதில் தெரிந்துகொண்டது, மூன்று பேருக்குமே ஒன்றும் தெரியாது என்பதைத்தான்.

அண்ணி ஒருமுறை சந்தைக்கு வந்தபோது அவரையே கேட்டுவிட்டேன்.

"அண்ணி, அண்ணனுக்கு ஏன் இப்படிக் குளிருது?"

"எனக்கென்னம்மா தெரியும்? கல்யாணத்துக்கே கோட்டு போட்டுத்தான் வந்தாரு. சரி, மாப்பிள்ளைன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் கழட்டவே இல்ல."

"வீட்லயுமா?"

"வீட்ல ஃபேன் போட விடமாட்டாரு. இந்தக் கடை போட்டதுலேருந்து வாரத்துல ஒரு சாயங்காலம் நான் ஃபேனப் போட்டுக்கிட்டு நிம்மதியாப் படுக்கிறேன். கடைய மட்டும் மூட விட்டுராதம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

மூடுகிற நாள் வந்துவிடும் போலத்தான் இருந்தது. வடை மட்டும் விற்றது. என் வடைக்காகத் தஞ்சோங் காராங்கிலிருந்துகூட ஆள் வர ஆரம்பித்தார்கள். வாங்கிக்கொண்டு உடனே ஓடிவிடுவார்கள். பெஞ்சு காலியாகவே கிடந்தது. அண்ணன் யோசித்தார். மறுவாரம் படகுத்துறையில் மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டிகளை வாங்கி வந்து, ஒரு தொட்டியில் கொட்டி, பின்னால் மேசை விசிறியை வைத்தார்.

"இப்ப பாரு. உள்ள வர்றவங்களுக்கு நல்லாக் குளிரும். குளிர்னா டீ கேப்பாங்க."

உள்ளே வந்தவர்களுக்கு நன்றாகத்தான் குளிர்ந்தது. சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கக் யாவின் கடையிலிருந்து ஐஸ் போட்ட கரும்புச்சாறு வரவழைத்துக் குடித்தார்கள். மீன் வாசனைக்குச் சந்தையிலிருந்த பூனையெல்லாம் பெஞ்சுக்கடியில் வந்து படுத்துக்கொண்டது. எனக்கு அழுகை வராத குறை. அண்ணனோ அடுப்பங்கரையில் நின்று பெருமையோடு சுற்றிப் பார்த்தார்.

"பெஞ்சு நெறஞ்சிருச்சு, பாத்தியா தங்கச்சி?"

"ஒரு டீகூடப் போகலண்ணே!"

"ஒக்காந்திருக்காங்கள்ல?"

சந்தைக் குழுவின் செயலாளர் வந்தது அந்த வாரம்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டே பேசினார். "குளிரு குளிருன்னு போர்டு போட்டு ஏமாத்துறீங்கன்னு கம்ப்ளேன் மேல கம்ப்ளேன். இளநி ஐஸ் விக்கிற ஆளு ஒருத்தர் எடத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காரு. அடுத்த வாரம் ஐஸ் பெட்டிய வைங்க, இல்லாட்டி எடத்த விடுங்க. வேற பேச்சு இல்ல."

அந்த வடைச்சட்டியை நம்பித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இந்த இடம் போனால் நான் மறுபடியும் கூடையோடு அலையவேண்டும். செயலாளர் போனதும் அண்ணனிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு ஐஸ் பெட்டிண்ணே. ஓரமா வச்சிக்கலாம். நீங்க அந்தப் பக்கமே பாக்கவேணாம். நானே வித்துக்கிறேன்." குல்லாவை எடுத்துத் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார். "சரிம்மா, பெட்டி வைக்கிறேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். அடுத்த வாரம் மோட்டாரின் பின்னால் பெரிய நீலநிற ஐஸ் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எனக்கு உயிர் வந்தது. கக் யாவுக்கு முகம் தொங்கிப்போனது. செயலாளர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே வந்து மூடியைத் திறந்தார்.

உள்ளே ஸ்வெட்டர்கள். பண்டல் கடையில் பொறுக்கிய பழைய ஸ்வெட்டர்கள், துவைத்து மடித்து, பெட்டி நிறைய. சிவப்பு, பச்சை, கரடி படம் போட்டது, மான் படம் போட்டது.

"இது என்னா?" என்றார் செயலாளர்.

"நீங்கதான பெட்டி வைக்கச் சொன்னீங்க?"

"ஐஸ் பெட்டிய்யா!"

"ஐஸ் பெட்டிதான். பாருங்க, மூடியில போட்ருக்கு."

செயலாளர் மூடியைப் புரட்டிப் பார்த்தார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் கரடி போட்ட ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு பஞ்சுப் பனிக்குக் கீழே நின்று படம் எடுத்தாள். அவள் தோழி இன்னொன்றை எடுத்தாள். "ஸ்வெட்டர் போட்டா டீ குடிக்கணும், அதான் ரூல்" என்று நான் எங்கிருந்தோ ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். வயிறு சொல்லிக்கொடுத்த பொய். குடித்தார்கள். சிரித்துக்கொண்டே வியர்த்தார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு யார் அதிக நேரம் அடுப்பு முன்னால் உட்காருவது என்று அடுத்த வாரம் பந்தயமே நடந்தது. தோட்டத்துப் பையன்கள் மோட்டாரில் கும்பல் கும்பலாக வந்தார்கள். செயலாளர் மான் படம் போட்ட ஸ்வெட்டரில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். இளநி ஐஸ்காரரைப் பற்றி அப்புறம் அவர் பேசவேயில்லை.

சனங்கள் அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று எனக்கு உறுத்தியது. அண்ணனிடம் மெல்லக் கேட்டேன். "சிரிக்கட்டும்மா. சிரிச்சா ஒடம்பு சூடாகும்" என்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஆண்டு முடிகிற மழைக்காலத்தில் ஒருநாள், ஆற்றுப் பக்கம் வானம் கறுத்து, கடைகளைப் பாதி விரிக்கும் முன்பே பெருமழை பிடித்துக்கொண்டது. காற்று கூடாரங்களைப் பிடுங்கி எறிந்தது. வாங்க வந்தவர்கள் காரைப் பார்த்து ஓடினார்கள். சரக்கை விட்டுவிட்டுப் போகமுடியாத கடைக்காரர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் எங்கள் கூடாரம் மட்டும் நின்றது. ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கைப்பேசி உறைத் தம்பி வந்தான். செயலாளர் வந்தார். கடைசியாகக் கக் யா, முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, பல் கிடுகிடுக்க வந்தார்.

அன்றைக்குத்தான் அந்தக் கடையில் முதல்முதலாக எல்லாருக்கும் நிஜமாகக் குளிர்ந்தது.

அண்ணன் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டர்களை எடுத்து எடுத்துக் கொடுத்தார். கக் யாவிடம் வந்தபோது பெட்டி காலி. ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. தான் போட்டிருந்ததைத் தலைவழியாக உருவிக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு அது முட்டிவரை வந்தது. நான் அவரை அரைக்கைச் சட்டையில் பார்த்தது அன்றைக்குத்தான். ஒல்லியான கை. வெயிலே படாத கை. திரையைத் தாண்டிச் சாரல் அவர் மேல் அடித்துக்கொண்டிருந்தது. மனிதர் ஒரு துளி நடுங்கவில்லை.

"அண்ணே, ஒங்களுக்குக் குளிரலயா?"

"எனக்கா? எனக்கு எப்பவுமே குளிராதும்மா."

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. "அப்புறம் இத்தன வருசமா ஏண்ணே...?"

"கேள்வி கேக்குற நேரமா இது? வடையப் போடு தங்கச்சி, சனங்க ஒக்காந்திருக்காங்க."

தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் கோப்பையாக நிரப்பப் போனார். தோளோடு தோள் இடித்துக்கொண்டு அத்தனை பேர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் எழுந்து போகிற எண்ணமே இல்லை. அண்ணன் முகத்தை அப்படிச் சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மழை விடுகிறவரை, விடக்கூடாதே என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

பிறகு ஈப்போவில் இருக்கிற மகன் வந்து, வயசாகிவிட்டது என்று அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கடை எனக்கு வந்தது. அவருக்கு ஏன் அப்படி ஒரு கடை வைக்கத் தோன்றியது என்பது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. செயலாளர் ஒரு காரணம் சொல்கிறார், கக் யா ஒன்று சொல்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்குக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

சந்தை கூடுகிற நேரம் பார்த்து அண்ணன் போன் செய்வார். போன வாரமும் செய்தார். மேற்கு வெயில் முகத்தில் அறைய, எண்ணெய் கொதிக்க, ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொள்ள நின்றிருந்தேன்.

"தங்கச்சி, அங்க குளிரா இருக்காம்மா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆமாண்ணே, ரொம்பக் குளிருது. நீங்க வந்தாத்தான் சரியாகும்."