முதலில் மரங்கொத்தி

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. பட்டியல் போடுவேன். 2011இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததற்கு யார் யார் பொறுப்பு என்றும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். முதல் பெயர் என்னுடையது. (இரண்டாவது என் கணவர் ரகு. அவர் மறுக்கிறார்.)

அப்போது சிட்னிக்கு வந்து எட்டு மாதம். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. சரிபார்க்காமல் எதையும் நம்பாதே என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் பாடம் எடுப்பவள். நாங்கள் குடியிருந்த பென்டில் ஹில்லில் பக்கத்து வீட்டு சாந்தி அன்ரி இலங்கைக்காரர், வெஸ்ட்மீட் மருத்துவமனையில் நர்ஸ். மூன்று மாதத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே ஞாயிறு விடுமுறை அது. ஓர் ஆந்தையை நேரில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. சிட்னிக்கு வடக்கே ஒரு காட்டில், ஓடைக்கரை மரமொன்றில் பெரிய ஆந்தை பகலில் தங்குவதாகத் தகவல் இருந்தது.

திட்டம் போட்டது நான். ஊரில் தென்னைக்கு ஒன்றாகப் பார்த்துப் பழகிய மரங்கொத்தியை முதலில் எழுதினேன். வெயில் ஏறினால் அது பறந்துவிடும். ஆந்தை பகலெல்லாம் தூங்கும், எங்கே போய்விடப்போகிறது?

ஓடைக்குத் திரும்பும் இடத்தில் அன்ரி நின்றார். "முதல்ல ஆந்தையைப் பாத்திட்டுப் போவமே, பிள்ளை?"

"வரிசையா போவோம் அன்ரி."

"ஓம், நீர் சொன்னாச் சரி."

ரகுவும் அன்ரியும் நானும் எதிர்ப்பக்க மேட்டில் இரண்டு மணி நேரம் அலைந்தோம். கடைசியில் 'டொக் டொக்' கேட்டது. ஓடினேன். காட்டை ஒட்டிய வீட்டில் ஒரு பெரியவர் வேலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் மரங்கொத்தி வருமா என்று கேட்டேன். ஆஸ்திரேலியாவிலேயே மரங்கொத்தி கிடையாது என்றார். பரிதாபப்பட்டு, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். எனக்கு அந்தக் கண்டத்தின் மேலேயே கோபம் வந்தது.

ரகுவைப் பார்த்தேன். அவர் ஒரு மரத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நேத்தே நெட்ல பார்த்தேன்."

"ஏன் சொல்லலை?"

"நீ லிஸ்ட்டை லேமினேட் பண்ணிட்டே. அப்புறம் என்னத்தைச் சொல்றது?"

ஓடைக்குத் திரும்பியபோது மரத்தடியில் வெள்ளை எச்சமும் ஏதோ விலங்கின் வால் துண்டும்தான் கிடந்தன. காக்கைகள் கூடி ஆந்தையை விரட்டிவிட்டன, பத்து நிமிடம்தான் ஆகிறது என்றார் அங்கே நின்ற ஒரு பெண். அன்ரி எச்சத்தைப் படம் எடுத்துக்கொண்டார். (திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.)

அவருடைய அடுத்த விடுமுறையில், எனக்குச் சொல்லாமல், ரகுவும் அவரும் போய் ஆந்தையைப் பார்த்துவிட்டார்கள். நான் இன்றுவரை பார்க்கவில்லை. அதன் படம் அன்ரி வீட்டுச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. விருந்தாளிகளுக்கு அதைக் காட்டும்போது, நான் எதிரே உட்கார்ந்திருந்தாலும் சொல்வார்: "இது எங்கட பிள்ளை காட்டாத ஆந்தை."