மாரண்டஹள்ளியில் தனி இன்ஜின் காத்த படலம்

தக்காளிக் கொடி சூழ் மாரண்டஹள்ளியின் மேற்கெல்லையில், கணவனின் கேலிக்கும் கொழுந்தனின் நையாண்டிக்கும் மாமியாரின் பெருமூச்சுக்கும் இம்மியும் அசையாது, ஊரில் எவரும் ஏறிட்டும் பாராத பிரவுசர் ஒன்றைத் தன் கைபேசியில் ஏந்தி நின்ற மூத்த மருமகள் வெண்மதி வாழ்க! அவள் வலக்கைக் கட்டைவிரல் வாழ்க! அவ்விரல் களம் கண்ட கதை இது.

பிரவுசர் என்பது தேர் எனக் கொள்க. அதனுள் மறைந்திருந்து வலைப்பக்கத்தை வாசித்து நம் கண்முன் விரிக்கும் இன்ஜினே குதிரை. அவ்வீட்டில் கணவன் மாரப்பனின் தேருக்கு ஒரு கொடி, கொழுந்தன் அன்புவின் தேருக்கு ஒரு கொடி, மாமியார் ராணியம்மாளின் தேருக்கு மற்றொரு கொடி. பூட்டிய குதிரைகளோ ஒரே லாயத்தில் பிறந்து ஒரே தீவனம் தின்றவை. வெண்மதியின் குதிரை மட்டும் வேற்று லாயம்.

அவள் அதை ஏன் தேர்ந்தாள்? ஒரே பானைச் சோறும், ஒரே கடைப் புடவையும், எல்லோருக்கும் தெரிந்த கைபேசிப் பூட்டுமாக வாழ்ந்த அவ்வீட்டில், ஒன்றேனும் வேறாக இருக்கட்டும் என்றுதான் முதலில் ஏற்றினாள். அது போதுமான காரணமா என்று பாத்திரம் துலக்கும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு ஒருநாள் அவளுக்குத் தோன்றியது: எல்லோரும் ஒரே கண்ணால் பார்த்தால், அந்தக் கண்ணில் தூசி விழும் நாளில் வழி சொல்ல யார் இருப்பார்?

"அண்ணி, உங்க பிரவுசரு மாட்டு வண்டிங்க. பாதிப் பக்கம் கோணலாத் தெரியுது" என்றான் அன்பு.

"உலகமே ஒரு ரோட்டுல போவுது. இவ மட்டும் தனியா ரோடு போடறா" என்றான் மாரப்பன்.

"குழாய்த் தண்ணி வந்தாச்சுல்ல? அப்புறம் எதுக்குங்க போர்க் கெணத்தை மூடாம வெச்சிருக்கீங்க?" என்றாள் வெண்மதி.

"அது வேற."

"எப்படிங்க வேற?"

மண்வெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாரப்பன் தோட்டம் நோக்கிப் புறப்பட்ட அக்காட்சியைப் பின்வாங்கல் என்றுரைப்பது வீரருக்கு இழுக்காதலின் விடுவோம்.

போர் நாளும் வந்தது. பறித்த தக்காளி, செம்படை அணிவகுத்தாற்போல் வரப்போரம் பெட்டி பெட்டியாக நின்றது. பழுத்த பழம், இன்னொரு நாள் தாங்காது. விடியலில் ஓசூர் சந்தைக்குப் புறப்படும் தஸ்தகீரின் லாரியில் இடம் வேண்டுவோர், விவசாயிகள் குழுவின் வலைத்தளத்தில் பொழுது சாய்வதற்குள் பதிந்தாக வேண்டும். முந்தைய இரவிலோ, மற்ற மூவரின் தேரையும் இழுத்த அந்தப் பேரரச இன்ஜினுக்குப் புதுப்பிப்பு ஒன்று வந்து இறங்கியிருந்தது.

அன்பு அழுத்தினான். 'பதிவு செய்' என்னும் பச்சைப் பொத்தான், தவமிருக்கும் முனிவர்போல் அசையாதிருந்தது. இடி விழுந்தாற்போல் மாரப்பன் அழுத்தினான். முனிவர் கண் திறக்கவில்லை. ராணியம்மாளின் கைபேசி பிடுங்கப்பட்டு, அதுவும் வீழ்ந்தது. வேறு பெயரும் வேறு கொடியும் கொண்ட புதுத் தேர்கள் இரண்டை அன்பு அக்கணமே இறக்கி ஏவினான். ஒரே லாயத்துக் குதிரைகளல்லவா, அதே காலை நொண்டிக்கொண்டு அதே இடத்தில் விழுந்தன.

"குழுக்காரருக்குப் போனப் போடுடா!"

"எடுக்கலைண்ணா. எல்லாரும் அவருக்குத்தான் அடிப்பாங்க."

"தக்காளி அத்தனையும் மாட்டுக்குத்தான் போலிருக்குது" என்று ராணியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெண்மதி தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவர்கள் தவிப்பில் ஓர் இனிப்பு இருந்ததை அவள் உணர்ந்தாள். பழங்களில் பாதி தன் கையால் பறித்தவை என்பது நினைவுக்கு வர, அந்த இனிப்பே நாக்கில் கசந்தது. உடனே கைபேசியை எடுத்தாள். ஊழிக்காற்றில் ஒற்றைச் சுடர் ஏந்தினாள்போல் அதை நெஞ்சருகே பிடித்து, கோணலாய்த் தெரிந்த பக்கத்தின் கோணலான மூலையில் கிடந்த அப்பொத்தானை மெல்லத் தொட்டாள்.

முனிவர் கண் திறந்தார். லாரியில் இடம் கிடைத்தது.

அப்போது மாரப்பன், மலைகள் நடுங்க முழங்கினான்: "எல்லாரும் இவளோடதையே போடுங்க! மத்ததெல்லாம் அழிச்சிருங்க!" முழங்கிய சூட்டில் பழைய தேர்கள் யாவும் எரிக்கப்பட்டன. பக்கத்துத் தோட்டத்தாரும் பாய்ந்து வந்து வெண்மதியின் கொடியைத் தத்தம் கைபேசிகளில் ஏற்றினர். அவர்கள் தக்காளிக்கும் இடம் கிடைத்தது.

"இனிமே நம்ம வூட்ல ஒரே பிரவுசருதான் அண்ணி! நீங்கதான் கெலிச்சீங்க!" என்றான் அன்பு.

கண்டாள் வெண்மதி, நீட்டிய கைகளிலெல்லாம் ஒரே கொடி, அதுவும் தன் கொடி. வென்றவள் நெஞ்சில் வாகைப்பூ மலர வேண்டிய அவ்வேளையில், ஒரே கண்ணாகிவிட்ட அவ்வூரை எண்ணி அவள் கையுயர்த்தித் தடுத்தாள். "ஒரேயடியா ஒன்னுக்கே தாவாதீங்கப்பா" என்ற அவள் குரல் ஆரவாரக் கடலில் விழுந்த சிறு கல்லாய் மூழ்க, விடியலில் தஸ்தகீரின் லாரி செம்படையைச் சுமந்து, திசையெல்லாம் புழுதி முரசறைய ஓசூர் நோக்கிப் புறப்பட்டது.

லாரி போனதும் வெண்மதி, அன்பு அழித்த பழைய பிரவுசரைத் தன் போனில் இறக்கி வைத்துக்கொண்டாள்.