கண்ணாடி ஓரத்துத் துப்பாக்கிக்காரி

சந்தேகப்படுவதற்கென்றே ஆண்டவன் மலேசியாவின் ஈப்போ டவுனில் ஓர் ஆளைப் படைத்திருந்தான் என்றால், அது புந்தோங்கில் முடிவெட்டும் கடை வைத்திருந்த துப்பாக்கி அண்ணேதான். மழை வந்தால் மேகத்தைச் சந்தேகப்படுவார். வராவிட்டால் வெயிலைச் சந்தேகப்படுவார். காலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறையத் திருநீறோடு வேலைக்குப் போகும் என்னையே நிறுத்தி, "என்ன சாமி, இன்னிக்குப் பட்டை ஜாஸ்தியா இருக்கு? வீட்டுல ஏதும் தப்பு பண்ணிட்டு வாரியா?" என்று கேட்பார்.

அந்தப் பெயர் அவருக்குக் கடைக் கண்ணாடியால் வந்தது. மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் மர்ம நாவல் ஒன்றின் மேலட்டையைக் கிழித்துக் கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒட்டியிருந்தார். சிவப்புச் சேலைக்காரி ஒருத்தி, கையில் துப்பாக்கி. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் குழல் நேராக நம் நெற்றிக்குத்தான் நீண்டிருக்கும்.

"தல ஆடக்கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்பார். உண்மையிலேயே ஒருவர் தலையும் ஆடியதில்லை.

நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டு துண்டாக விற்ற பிறகு டவுனுக்கு வந்து, லோரிப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளின் கடைசி அது. அண்ணே கடையில் மாத நாவல்கள் குவிந்து கிடக்கும். ஒன்றுக்குக்கூட அட்டை இருக்காது. அட்டைகளெல்லாம் பின்னறையின் பலகைச் சுவரில் இருந்தன. தோட்டத்து வீடுகளில் பலகை இடுக்கில் காற்று வராமலிருக்க மரவள்ளி மாவுப் பசையில் பழைய பேப்பர் ஒட்டுவோமே, அதுபோல அண்ணே அட்டைகளை ஒட்டியிருந்தார். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று படாமல் இடைவெளி விட்டுத்தான். காற்று பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

"மூஞ்சிய மூடுனா பாவம்லா" என்பார்.

எனக்கு அந்த அறையே பிடிக்காது. மண்டை ஓடு, ரத்தம், பாதி சேலை நழுவிய பெண்கள். கும்பிடுகிற ஆள் பார்க்கிற காட்சியா அது? அவர் விடமாட்டார்.

"இந்த மூஞ்சியப் பாரு சாமி. விளக்கு கீழ இருக்கு. அதான் தாடையில பச்சை, நெத்தியில இருட்டு. இப்படி ஒரு மூஞ்சிய நேர்ல பாத்திருக்கியா?"

"இல்லண்ணே."

"கரண்டு போனா மெழுகுவத்தி புடிச்சிக்கிட்டுக் கக்கூசுக்குப் போற அத்தன பேரும் இப்படித்தான் இருப்பாங்க. வரஞ்சவன் அதப் பாத்திருக்கான்!"

இன்னோர் அட்டையில் சிவப்பு மை நகர்ந்து, உதடு கன்னத்தில் அச்சாகியிருந்தது. வீணாய்ப்போன அட்டை என்று சொல்லிவிட்டேன். கோபம் வந்துவிட்டது.

"அச்சுக்காரன் அவசரத்துல வாய மாத்தி வச்சிட்டான். வரஞ்சவன் என்ன பண்ணுவான்? கண்ணப் பாரு, பயம் இருக்கா இல்லியா?"

பார்த்தேன். இருந்தது. வாய் இடம் மாறிப் போனதற்கே அவள் பயப்படுவது போல இருந்தது.

ஓவியரின் கையெழுத்தைக் கத்தி முனையால் தொட்டுக் காட்டுவார். "கத எழுதுனவன் பேரு தலைக்கு மேல. இவன் பேரு செருப்புக்கு அடியில. இதுல ஏதோ சதி இருக்கு."

ஆயுத பூசைக்குக் கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து முடித்ததும், படத்திலிருக்கும் துப்பாக்கிக்கும் ஒரு பொட்டு வைப்பார்.

"அண்ணே, இது தெய்வ குத்தம்."

"கடையில இருக்கிற ஆயுதம் அத்தனைக்கும் வைக்கணும்னு நீதானே சொன்ன?"

ஒரு நாள் போலீஸே வந்துவிட்டது. முடிவெட்டுகிறவன் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று எவனோ பிராது கொடுத்திருக்கிறான். மலாய்க்கார சார்ஜன் உள்ளே வந்து, "பிஸ்தோல் மானா?" என்று துப்பாக்கி எங்கே எனக் கேட்டார். அண்ணே கண்ணாடியைக் காட்டினார். சார்ஜன் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து சவரம் செய்துகொண்டு போனார். அவரும் தலையை ஆட்டவில்லை.

"பிராது குடுத்தது நீதானே சாமி?"

"முருகன் மேல சத்தியமா இல்லண்ணே!"

"சத்தியம் பண்றவனத்தான் மொதல்ல புடிக்கணும்."

இப்படிப்பட்டவர் கையில்தான் என் தங்கச்சியின் வாழ்க்கை போய்ச் சிக்கியது.

அப்பா இல்லாத வீடு. நான்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். தெலுக் இந்தானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் மாமாதான் எல்லாம் பேசினார். "பையனுக்குச் சொந்த லோரி. சீன முதலாளி, தவுக்கே மாதிரி இருக்கான்." தெரியாத ஊர், தெரியாத ஆட்கள். போகும்போதும் வரும்போதும் அண்ணேயிடம் இதையே சொல்லிப் புலம்பினேன். பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்தைச் சரிசெய்துகொள்ள மாமாவும் மருமகனும் நேரே அண்ணே கடைக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் கேசரி கிளறிக்கொண்டிருந்தோம். வாசலில் சைக்கிள் மணி. அண்ணே நிற்கிறார், கையில் சோப்பு நுரை வழியும் பிரஷ்.

"சாமி, வா! ஒன் மாப்ள என் செவத்துல இருக்கான்!"

"எங்கண்ணே?"

"கத்தியோட!"

என் மனைவி கரண்டியைக் கீழே போட்டாள். முருகா முருகா என்று ஓடினேன். கடையில் மாப்பிள்ளை பாதி முகம் மழித்து, பாதி முகம் நுரையோடு, சிவப்புச் சேலைக்காரியின் குறிக்கு நேரே அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணே என்னைப் பின்னறைக்கு இழுத்துப்போய் ஓர் அட்டையைக் காட்டினார். அதே புருவம், அதே ஒடுங்கிய கன்னம், உயர்த்திய கையில் கத்தி. அச்சு அசல்!

"அண்ணே, அப்ப நிறுத்திடலாம்."

"யாரு நிறுத்தச் சொன்னா? அட்டையில கத்தி வச்சிருக்கிறவன் கொல பண்ணதே இல்லலா! மொகப்புலயே காட்டிட்டா பொஸ்தகத்த எவன் வாங்குவான்? நான் எல்லாத்துலயும் கடைசிப் பக்கத்த மட்டும் படிச்சிப் பாத்துட்டேன். பின்னால மங்கலா ஒருத்தன் சிரிச்சிக்கிட்டு நிக்கிறான் பாரு. அவன்தான்."

கதவிடுக்கு வழியாகப் பெஞ்சைப் பார்த்தேன். மாமா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணே வெளியே வந்து, கத்தியை மாப்பிள்ளையின் தொண்டையருகே வைத்தார்.

"தம்பி, லோரி யாருது?"

"சொந்த லோரிதாங்க..." என்றார் மாமா.

"நான் அவனக் கேட்டேன்."

மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தார். "தவுக்கேவோடதுண்ணே. நான் வெறும் டிரைவர்தான். மாமா சொல்ல வேணாம்னாரு. வீட்டுக்கு வந்து பொண்ணு முன்னாடியே சொல்லிடலாம்னு இருந்தேன்."

அப்போதும் மாமாவின் சிரிப்பு மறையவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அண்ணே கத்தியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சாமி, மீதி மூஞ்சியச் செரைக்கவா, வேணாமா?"

பொய் சொன்னவரை விட்டுவிட்டு, உண்மையைச் சொன்னவரைப் பார்த்தேன். பாதி முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"செரைங்கண்ணே" என்றேன்.

என் தங்கச்சியின் கல்யாணம் அந்த நாற்காலியில்தான் நிச்சயமானது. கல்யாணப் பரிசாக அண்ணே அந்தக் கத்திக்காரன் அட்டையைச் சட்டம் போட்டுக் கொடுத்தார். தெலுக் இந்தான் வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குகிறது. வருகிறவர்கள், "மாப்ள இளவட்டத்துல எடுத்த படமா?" என்று கேட்பார்கள். "ஆமா, ரொம்ப நல்ல மனுசன்" என்பாள் தங்கச்சி.

அண்ணே காலமான பிறகு, அவர் மனைவி கண்ணாடியை அறுத்து, சிவப்புச் சேலைக்காரியை மட்டும் என்னிடம் கொடுத்தார். சாமி மேடைப் பக்கம் வைக்க வீட்டில் சம்மதிக்கவில்லை. எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறேன். ஆயுத பூசைக்கு என் ஸ்பானர்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, கடைசியாக அவள் துப்பாக்கிக்கும் ஒன்று வைக்கிறேன்.

பிறகு நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு புந்தோங் தெரு முழுக்க நடந்து பார்க்கிறேன். என்ன தப்பு பண்ணிவிட்டு வருகிறாய் என்று கேட்க ஓர் ஆள் இல்லை.